மடி என்னும் சிறு சொல்

ஆங்கிலேயர் வழங்கும் 'ஃபோல்டு' என்ற சொல்லுக்குத் துணியின் மடிப்பு என்றும் ஆட்டுப்பட்டி என்றும் இரண்டு அர்த்தங்கள் உண்டென்றாலும், அவை வெவ்வேறு மூலங்களில் பிறந்து பிற்காலத்தில் ஒரே உருவத்தை அடைந்தவை என்பது அவர்களுடைய அகராதிக்காரர்கள் கண்ட முடிவு. நம்முடைய 'மடி' அதைக் காட்டிலும் விசித்திரமானது. வேட்டியை மடித்துப் பணம் செருகிக்கொள்ளும் இடமும், குழந்தை படுத்துறங்கும் இடமும், பசுவுக்குப் பால் சுரக்கும் இடமும் மடியே. வளைந்து ஒன்றை ஏந்திக்கொள்வது எதுவோ அதுவே மடி என்று கொண்டால் இம்மூன்றும் ஒரு குடும்பமாகிவிடும். ஆனால், திருவள்ளுவர் 61ஆம் அதிகாரத்தில் 'மடியின்மை' என்று கடியும் சோம்பலை இந்தக் குடும்பத்தில் எப்படிச் சேர்ப்பதென்று எனக்கு விளங்கவில்லை. சோம்பேறியும் மடங்கித்தான் கிடக்கிறான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

ராமேசுவரத்தில் இச்சொல்லுக்கு வாழ்வு இரட்டிப்பு. 22 தீர்த்தங்களிலும் நீராடிய வைதிகர் "மடியாயிருக்கிறேன், தொடாதே" என்று ஒதுங்கி நிற்பார். கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்த ஆசாரத்துக்கு இதே பெயராதலால், வடக்கேயிருந்து வந்த யாத்திரிகருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. அதே தீவின் தென்கோடியான தனுஷ்கோடியிலோ மடி என்றால் வலையின் வயிறு. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளத்தில் சென்று கடலில் வளைவாக வலையை இறக்கி, மறு நுனியைக் கரைக்குக் கொண்டுவந்தபின், இரண்டு வரிசையாக நின்று ஆட்கள் மணலில் குதிகாலை ஊன்றி இழுக்க இழுக்க, இருபுறத்து வலையும் ஒதுங்கி, நெருங்கிய கண்களையுடைய அந்த மடி நெத்திலியும் சூடையும் காரலும் துள்ள, கடைசியாகக் கரையேறும். கரைவலையின் பலாபலன் முழுவதும் அதற்குள்தான்.

இயந்திரப் படகுகள் வந்தபின் இழுவைமடி வந்தது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி வந்தது. மீன்கூட்டத்தை வளைத்து, அடிவளையங்களில் ஓடும் கயிற்றைச் சுருக்குப்பையைப் போல இறுக்கும் சுருக்குமடியும் வந்தது. 'மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை' என்பார்கள். இந்த மடிகளிலோ கனம் மிதமிஞ்சியது, சிறு வள்ளக்காரருக்கு மிச்சமோ அற்பம். அவர்களுடைய ஆட்சேபம் நியாயமானதென்றே நான் கருதுகிறேன். தமிழ்நாட்டில் சுருக்குமடிக்கு 2000ஆம் ஆண்டில் அரசு தடை விதித்தது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் 2 நாட்கள் மட்டும், நிபந்தனைகளுடன் அதற்கு இடைக்கால அனுமதி அளித்தது.