சைக்கிள் டைனமோவுக்குள் பிக்சியின் காந்தம்

போர்க்காலத்தில் இலங்கையின் வன்னிக்குள் பற்றறி வரத் தடை. கண்டாவளைப் பக்கத்தில் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க வேண்டும்; மற்றவர்கள் றேடியோவைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துவிடும்.

அந்த 6 வோல்ற், 3 வாற் டைனமோவைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ரயரில் உரசும் தலையோடு சேர்ந்து உள்ளே காந்தம் சுழலும், செப்புக் கம்பிச் சுருள் அசையாது. வடமுனை கடக்கையில் மின் ஒரு திசையில் ஓடும், தென்முனை கடக்கையில் எதிர்த்திசையில் ஓடும். இதுதான் ஆடலோட்டம். பல்புக்கு எந்தத் திசையானாலும் ஒன்றுதான். றேடியோவுக்கு ஒரே திசை வேண்டும். அதற்காகவே நடுவில் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் பூட்டினார்கள்.

காந்தத்தைச் சுழற்றி மின் எடுக்கும் இந்த வேலையை 1832இல் செய்துகாட்டியவர் ஹிப்போலிட் பிக்சி. பாரிஸில் ஆய்வுக்கருவிகள் செய்துவந்த அவருக்கு அப்போது 24 வயது. காந்தத்தை அசைத்தால் மின் பிறக்கும் என்று பரடே கண்டுபிடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிக்சி ஒரு லாடக் காந்தத்தைக் கைப்பிடியால் சுழற்றினார். அதற்கு மேலே இரண்டு கம்பிச் சுருள்கள். வந்தது ஆடலோட்டம். மின்கலத்தின் நேரோட்டத்தையே பழகியிருந்த காலம் அது. ஆடலோட்டத்தால் நீரைப் பிரித்தால் இரண்டு வாயுக்களும் கலந்தே வரும். ஆகவே விஞ்ஞானி அம்பியரின் யோசனைப்படி பிக்சி ஒரு திசைமாற்றியைச் சேர்த்து, ஓட்டத்தை ஒரே பக்கம் திருப்பிவிட்டார். றேடியோவுக்காக நம்மவர்கள் டயோட்டு பூட்டியதும் இதே தேவைக்குத்தான்.

ஆடலோட்டம் என்றால் நேரோட்டத்தோடு அது போட்டியிட்ட எடிசன், டெஸ்லா மோதலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிக்சியின் கைப்பிடிதான் பெரிது. 1835இல், 27 வயதில் அவர் இறந்துவிட்டார். ஆடலோட்டத்தின் அருமை தெரிய அரை நூற்றாண்டு எடுத்தது. 1886இல் அமெரிக்காவின் கிரேட் பேரிங்டனில் வில்லியம் ஸ்டான்லி மின்மாற்றிகளை வைத்துக் கடைகளுக்கு வெளிச்சம் கொடுத்தார். மின்மாற்றி வேலைசெய்ய ஓட்டம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மின்னழுத்தத்தை ஏற்றித் தூரத்துக்கு அனுப்பி, வீட்டருகே இறக்க முடிவது அதனால்தான். போருக்குப் பின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்த 132,000 வோல்ற் கம்பியும் அப்படித்தான் மின்னைக் கொண்டுவருகிறது.

அந்த மின் செக்கனுக்கு 100 தடவை திசை மாறும். சைக்கிள் சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் டைனமோவின் சின்னத் தலை முப்பது தடவையளவில் சுற்றும். கொஞ்சம் விரைவாக மிதித்தால், திசை மாறுவதில் அது லைன் மின்னையும் முந்திவிடும்.