அத்தா முடிவு பண்ணிட்டா, மறுக்கவே முடியாதா?

"வீட்டுல பேசி முடிச்சுட்டாங்க. வேணாம்னு சொன்னா பாவமா?" ஓதப் பள்ளியில் தொழுகையும் நோன்பும் படித்த பலருக்கு, இந்தக் கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் கிடைத்திருக்காது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணை, அவர் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் நபிகளாரிடம் முறையிட்டார். அந்தத் திருமணம் ரத்தானது. புகாரி ஹதீஸ் தொகுப்பில் இது பதிவாகியுள்ளது.

அப்புறம் ஏன் இந்தக் குழப்பம்?

காரணம், 'வலீ முஜ்பிர்'. வலீ என்றால் பெண்ணின் திருமணப் பொறுப்பாளர். மலேசியாவில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின் பழைய நூல்கள், முதல் திருமணத்தில் மகளின் அனுமதி இல்லாமலேயே முடிவெடுக்கத் தந்தைக்கும் தந்தைவழிப் பாட்டனாருக்கும் இடம் தருகின்றன. ஆனா, அதுக்கும் நிபந்தனைகள் உண்டு: தந்தைக்கும் மகளுக்கும் பகை இருக்கக்கூடாது; மாப்பிள்ளை பொருத்தமானவராக இருக்கவேண்டும். அப்போதும் மகளைக் கேட்பதே சிறந்தது என்கிறார்கள் அறிஞர்கள். ஹனஃபி மத்ஹபிலோ, வயது வந்த பெண்ணைக் கட்டாயப்படுத்தவே முடியாது. தமிழ் முஸ்லிம்களில் இரு மத்ஹபினரும் இருக்கிறார்கள்.

'வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை' என்ற பாதிப் பாடம் மட்டும் மனசுல நின்னுட்டா, மீதிப் பாதி மறந்துபோகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டப்படி, வலீயின் சம்மதம் மட்டும் போதாது. மணமக்கள் இருவரும் சம்மதிக்கவேண்டும். இல்லையென்றால் திருமணத்தைப் பதிவுசெய்ய முடியாது.

பலவந்தமாகவோ மிரட்டியோ கட்டிவைப்பது குற்றம். தண்டனை: 1,000 ரிங்கிட் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

கல்யாணம் முடிந்துவிட்டாலும் வழி உண்டு. சம்மதம் கட்டாயத்தால் பெறப்பட்டது என்று காட்டி, 'ஃபஸக்' மூலம் திருமணத்தை ரத்துசெய்யும்படி ஷரியா நீதிமன்றத்தில் பெண் கேட்கலாம்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும் என்பதையும் மறக்கவேண்டாம். கூட்டரசுப் பிரதேசச் சட்டத்தில் பெண்ணுக்கான குறைந்தபட்ச வயது 16. சிலாங்கூர் 2018இல் அதை 18ஆக உயர்த்தியது.

பெற்றோர் வரன் பார்ப்பது கட்டாயத் திருமணமா?

இல்லை. வரன் பார்ப்பது வேறு, வாயை அடைப்பது வேறு. 'வேணாம்' என்று சொன்னால் அது ஏற்கப்படுமா என்பதே வித்தியாசம்.

என்ன செய்யலாம்?

திருமண விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்பே, மாவட்ட இஸ்லாமியச் சமய அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள். மிரட்டல் இருந்தால் போலீசிடம் போங்கள். தாலியான் காசே உதவி எண்: 15999.