மின் நிறுவல் குறைபாட்டுக் குறியீடுகள் (ஐக்கிய இராச்சியம்)

மின் நிறுவல் குறைபாட்டுக் குறியீடுகள் என்பவை, ஐக்கிய இராச்சியத்தில் பணியிடங்கள், வீடுகள் முதலியவற்றின் மின் நிறுவல்களைக் காலமுறையில் ஆய்வு செய்யும்போது காணப்படும் குறைபாடுகளை அவற்றின் ஆபத்தைக் கொண்டு வகைப்படுத்தும் குறியீடுகள் ஆகும். மின் நிறுவல் என்பது கட்டடத்தில் நிலையாகப் பொருத்தப்பட்ட மின்கம்பிகள், பகிர்வுப் பெட்டிகள், சுவிட்சுகள், பிளக் செருகுவாய்கள் ஆகியவற்றின் தொகுதியைக் குறிக்கும். சி1, சி2, சி3, எஃப்.ஐ. என நான்கு குறியீடுகள் வழக்கில் உள்ளன. ஒருவருக்குத் தீங்கு நேர இன்னும் என்ன நிகழவேண்டும் என்ற கேள்வியே இவ்வகைப்படுத்தலின் அடிப்படை ஆகும்.

சட்டப் பின்னணி

பெரிய பிரித்தானியாவில் பணியிட மின்பாதுகாப்பு, 1974ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1989ஆம் ஆண்டின் பணியிட மின்சார ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டது. இவை 1990 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. மின்னமைப்புகளை, நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்கு, ஆபத்து நேராதவாறு பராமரிக்க வேண்டும் என இவை கூறுகின்றன. எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு செய்யவேண்டும் என இவை வரையறுப்பதில்லை. தொழில்துறை வழிகாட்டிகளே கால இடைவெளிகளைப் பரிந்துரைக்கின்றன. எடுத்துக்காட்டாக, அலுவலகங்களுக்கு 5 ஆண்டுகளும் கட்டுமானத் தளங்களின் தற்காலிக நிறுவல்களுக்கு 3 மாதங்களும் பரிந்துரைக்கப்படுகின்றன.

ஆய்வுக்கான தொழில்நுட்ப அளவுகோல் பி.எஸ். 7671 என்னும் தரநிலை ஆகும். இதன் 18ஆம் பதிப்பு 2018இல் வெளியானது. இத்தரநிலை சட்டம் அன்று. எனினும் இதனைப் பின்பற்றுவது சட்டக் கடமையை நிறைவேற்றுவதற்கு ஏற்ற வழியாகக் கொள்ளப்படுகிறது. ஆய்வின் முடிவுகள் மின் நிறுவல் நிலை அறிக்கை என்னும் ஆவணத்தில் பதியப்படுகின்றன.

குறியீடுகள்

சி1 - ஆபத்து உள்ளது. உடனடி நடவடிக்கை தேவை. வேறு எதுவும் பழுதாகாமலேயே, தொடுபவருக்கு மின்னதிர்ச்சி ஏற்படக்கூடிய நிலை இது. உடைந்த செருகுவாயின் வழியே கைக்கு எட்டும் மின்னழுத்தப் பகுதி இதற்கு எடுத்துக்காட்டு.

சி2 - ஆபத்தாக மாறக்கூடியது. அவசர நடவடிக்கை தேவை. இன்று தொடுபவருக்குத் தீங்கு இல்லை. ஆனால் இன்னொரு பழுதோ சூழல் மாற்றமோ ஏற்பட்டால் தீங்கு நேரும். எர்த் எனப்படும் தரையிணைப்பு இல்லாத மின்சுற்றில் உலோகக் கூடுள்ள கருவி இணைக்கப்பட்டிருப்பது இவ்வகையைச் சார்ந்தது.

சி3 - மேம்பாடு பரிந்துரைக்கப்படுகிறது. ஆபத்து இல்லை, ஆனால் திருத்தினால் பாதுகாப்பு கூடும்.

எஃப்.ஐ. - தாமதமின்றி மேலும் புலனாய்வு தேவை. ஆபத்து இருக்கக்கூடும் என ஐயுறக் காரணம் உண்டு. ஆனால் அந்த ஆய்வின் வரம்புக்குள் அதனை உறுதிசெய்ய இயலவில்லை.

ஓர் அவதானிப்புக்கு ஒரு குறியீடு மட்டுமே வழங்கப்படும். ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்துமாயின், அவற்றுள் கடுமையானதே இடப்படும்.

சி1, சி2 வேறுபாடு

பட்டறை ஒன்றிலுள்ள துளையிடும் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உலோகக் கூட்டுக்குச் செல்லும் தரையிணைப்புக் கம்பி அறுந்துள்ளது. எந்திரம் வழக்கம்போல் இயங்குகிறது. தொடுபவருக்கு எதுவும் நேர்வதில்லை. இந்நிலை சி2 ஆகும். ஒருநாள் உள்ளே கம்பியின் மின்காப்பு தேய்ந்து, கம்பி கூட்டைத் தொடுகிறது. தரையிணைப்பு இருந்திருந்தால் பெரும் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து, உருகியோ சுற்றுமுறிப்பானோ மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். அது இல்லாமையால் கூடு முழுவதும் 230 வோல்ட்டு அழுத்தத்தில் நிற்கிறது; எந்திரமோ தொடர்ந்து இயங்குகிறது. இப்போது இது சி1 ஆகும். முதற்பழுது வெளியே தெரிவதில்லை என்பதனாலேயே ஆய்வும் சோதனையும் தேவைப்படுகின்றன.

சூழலின் பங்கு

ஒரே குறைபாடு இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு குறியீடு பெறலாம். ஆர்.சி.டி. என்னும் எஞ்சிய மின்னோட்டச் சாதனம், மின்கசிவை உணர்ந்து நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிப்பது. கூடுதல் பாதுகாப்புக்கு 30 மில்லி ஆம்பியரை மிகாத சாதனம் பயன்படுகிறது. பழைய அலுவலகம் ஒன்றில், கட்டடத்துக்குள் மட்டுமே பயன்படும் செருகுவாய்க்கு இச்சாதனம் இல்லாவிடில் பொதுவாக சி3 தரப்படும். அதே செருகுவாயிலிருந்து நீள்கம்பி மூலம் வெளியே ஈரத்தரையில் கையடக்கக் கருவிகள் இயக்கப்படக்கூடும் எனில் அது சி2 ஆகும். எனவே ஆய்வாளர் கம்பியை மட்டுமன்றி, அதனைப் பயன்படுத்துவோரின் வழக்கத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒட்டுமொத்த மதிப்பீடு

சி1, சி2, எஃப்.ஐ. ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் நிறுவல் "நிறைவற்றது" என மதிப்பிடப்படும். சி3 மட்டும் எத்தனை இருந்தாலும் "நிறைவானது" எனலாம். இதனால் சி2, சி3 ஆகியவற்றுக்கு இடையிலான எல்லையே அறிக்கையின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உண்மையான ஆபத்துக்கு சி3 இட்டால், பாதுகாப்பற்ற கட்டடம் நிறைவானது என்னும் சான்றுடன் அடுத்த ஆய்வு வரை இயங்கும். ஆபத்தற்றதற்கு சி2 இட்டால், உரிமையாளர் வீண்செலவு செய்ய நேர்வதுடன், அடுத்த எச்சரிக்கையை நம்பவும் தயங்குவார்.

பழமையும் ஆபத்தும்

முற்பதிப்பின்படி அமைக்கப்பட்ட நிறுவல் இன்றைய பதிப்புடன் ஒவ்வாதிருப்பது, அது பாதுகாப்பற்றது என்பதற்குச் சான்றாகாது. முன்னர் வழக்கிலிருந்த நான்கு எண்களைக் கொண்ட முறையில், குறியீடு 4 என்பது "நடப்புத் தரநிலையுடன் ஒவ்வாதது" என்பதைக் குறித்தது. 17ஆம் பதிப்பின் முதலாம் திருத்தம் 2011இல் வெளியானபோது இம்முறை கைவிடப்பட்டு, சி1, சி2, சி3 ஆகிய குறியீடுகள் அறிமுகமாயின. வெறும் ஒவ்வாமைக்கெனத் தனிக் குறியீடு இப்போது இல்லை.

ஆய்வாளரின் பொறுப்பும் வரம்பும்

சி1 நிலையைக் கண்ட ஆய்வாளர், அறிக்கை முடியும்வரை காத்திராமல், பொறுப்பாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அவரது இசைவுடன் அப்பகுதியின் மின்சாரத்தைத் துண்டிக்கலாம். இசைவின்றித் துண்டிக்கும் அதிகாரம் பொதுவாக ஆய்வாளருக்கு இல்லை. குறியீடு இடுவதால் குறைபாடு நீங்குவதில்லை. பணியிடத்தில் அதனைச் சரிசெய்விக்கும் கடமை, வேலையளிப்பவர் உள்ளிட்ட கடமைப்பட்டோரையே சாரும்.