அம்மாவிடமிருந்து எடுத்து வந்த ஸ்டூல்

போகிக்கு இரண்டு நாள் முன்பு ஊருக்குப் போனேன். 74 வயது அம்மா சமையலறை ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி பரணைத் துழாவிக்கொண்டிருந்தார். பொங்கல் பானையைத் தேடுகிறாராம். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கீழே விழுந்து உயிரிழப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதானவர்கள் வீட்டில் சாமான்களைக் குறைக்க வேண்டும் என்று நான் மன்றாடுவதற்கு முதல் காரணம் இதுதான். வீடு அழகாக இருப்பதெல்லாம் அப்புறம்.

மூன்று நாள் உட்கார்ந்து பரணை இறக்கினோம். ஈயம் போன பித்தளை அடுக்கு, கைப்பிடி விட்டுப்போன குக்கர், யாரும் தொடாத கல்சட்டி. நடுவில் ஒரு எவர்சில்வர் தூக்கு. "இதை எடைக்குப் போட்டுடலாமாம்மா?" என்றேன். அம்மா அதை வாங்கி, புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரைக் கட்டைவிரலால் தடவினார். "இது உங்க பெரியத்தையோடது. எங்க கல்யாணத்தப்போ மாறி வந்துடுச்சு. கேட்டா குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

52 வருஷம்! உடனே அத்தைக்குப் போன் போட்டோம். "அந்தத் தூக்கா? அதைத் தொலைச்சதுக்கு என் மாமியார் ஆறு மாசம் என்னைத் திட்டினாங்க" என்று சிரித்தவர், சட்டென்று குரல் உடைந்து அழுதுவிட்டார். அம்மா இல்லாத ஒரு நாளில் நான் தனியாக அந்தப் பரணை இறக்கியிருந்தால், அது முக்கால் கிலோ எவர்சில்வராகத்தான் கடைக்குப் போயிருக்கும்.

ஸ்வீடனைச் சேர்ந்த மார்கரெட்டா மாக்னுசன் 2017-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். நாம் போன பிறகு பிள்ளைகள் திண்டாடாதபடி, நம் சாமான்களை நாம் இருக்கும்போதே ஒழித்து வைக்கும் பழக்கம் அது. புகைப்படங்களையும் கடிதங்களையும் கடைசிக்கு வையுங்கள் என்கிறார். முதலிலேயே அவற்றைப் பிரித்தால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். நான் பட்டறிந்த உண்மை.

அப்பாவின் டிரங்குப் பெட்டியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று நினைத்தேன். வீட்டுப் பத்திரம், பட்டா, இன்ஷூரன்ஸ் பாலிசி, மூன்று பழைய பாஸ்புக். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் வங்கியில் கேட்டு வாங்க முடியும். 2023-ல் தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். எந்த வங்கி என்று சொல்ல அம்மா பக்கத்தில் இருந்தது எவ்வளவு உதவி!

கிழிந்த பாயும் பிளாஸ்டிக் குடமும் போகி நெருப்புக்குப் போகவில்லை. பிளாஸ்டிக் புகை அம்மாவின் இளைப்புக்கு ஆகாது.

பொங்கல் பானை இப்போது அம்மாவின் இடுப்பு உயரத் தட்டில் இருக்கிறது. தூக்கு அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டூலை நான் பஸ்ஸில் ஏற்றி, என்னோடு எடுத்து வந்துவிட்டேன்.