சர்வர் ஓர் இடம், டிஸ்க் வேறு இடம்: நெட்வொர்க் வழியாக 'பூட்' ஆவது எப்படி? லாபம் என்ன, ஆபத்து என்ன?

2024 ஜூலை 19-ஐ ஐடி ஊழியர்கள் அவ்வளவு லேசில் மறக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு அப்டேட்டால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. சென்னை விமான நிலையத்திலும் விமானங்கள் தாமதமாகின.

இந்திய நேரப்படி காலை 9.39-க்கு வெளியான அந்த அப்டேட் 10.57-க்கே திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் பல நிறுவனங்கள் மீண்டு வர நாள்கணக்கில் ஆனது. ஏன்? கம்ப்யூட்டர் முழுசா ஆன் ஆனால்தானே சரியான அப்டேட் உள்ளே போகும்! ஆனாலும், டிஸ்க்கை சர்வருக்கு வெளியே வைத்திருந்தவர்களுக்கு வேறொரு வழி இருந்தது. அது என்ன?

ரிமோட் பூட் என்றால் என்ன?

பவர் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் முதலில் தேடுவது ஆபரேட்டிங் சிஸ்டத்தை. வீட்டு லேப்டாப்பில் அது உள்ளே இருக்கும் டிஸ்க்கில் இருக்கும். ரிமோட் பூட் முறையில் சர்வர் பெட்டிக்குள் பிராசஸர், மெமரி, நெட்வொர்க் கார்டு மட்டும் இருந்தால் போதும். டிஸ்க், நெட்வொர்க்கில் இணைந்த தனி ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று ஃபைபர் சேனல். இதற்குத் தனி கார்டு, தனி கேபிள் வேண்டும், செலவு அதிகம். இன்னொன்று ஐஸ்கஸி. 2004-ல் இணையத் தரமாக வெளியான இது, சாதாரண ஈதர்நெட் கேபிளிலேயே வேலை செய்யும்.

எப்படி செட் செய்கிறார்கள்?

ஐஸ்கஸி முறையில் சர்வருக்கு 'இனிஷியேட்டர்' என்றும், ஸ்டோரேஜுக்கு 'டார்கெட்' என்றும் பெயர்.

1. ஸ்டோரேஜ் பெட்டியில் அந்த சர்வருக்கென ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். இதை 'லன்' என்பார்கள்.

2. அந்த லன்னை குறிப்பிட்ட சர்வர் மட்டுமே பார்க்கும்படி அனுமதி கொடுக்க வேண்டும். சாதாரணமாக ஒரே பூட் லன்னில் இரண்டு சர்வர்கள் எழுதத் தொடங்கினால், இரண்டின் டேட்டாவும் காலி.

3. சர்வரின் பயாஸ் அல்லது நெட்வொர்க் கார்டு மெனுவில் நுழைந்து சர்வரின் பெயர், அதன் ஐபி முகவரி, ஸ்டோரேஜின் பெயர், அதன் ஐபி முகவரி, லன் எண் ஆகியவற்றைப் பதிய வேண்டும். போர்ட் எண் வழக்கமாக 3260. பாஸ்வேர்டு சரிபார்ப்பையும் இங்கேயே ஆன் செய்யலாம்.

4. பூட் வரிசையில் ஐஸ்கஸியை முதலில் வைக்க வேண்டும்.

5. பிறகு விண்டோஸோ லினக்ஸோ வழக்கம்போல இன்ஸ்டால் செய்யலாம். எங்கோ இருக்கும் டிஸ்க், உள்ளேயே இருப்பது போலத் தெரியும்.

இதனால் என்ன லாபம்?

சர்வர் பெட்டி கெட்டுப்போனால், அதே லன்னை இன்னொரு சர்வருக்கு மாற்றிவிட்டு ஆன் செய்யலாம். புதுசா இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. அப்டேட்டுக்கு முன் டிஸ்க்கை 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைத்திருந்தால், சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கிளவுட் சர்வர்களிலும் இதே யோசனைதான். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் கிளவுட் 2015 முதல் சென்னையிலும் இயங்குகிறது. திருத்தணியில் இருக்கும் ஒரு வியாபாரி அதில் சர்வர் வாடகைக்கு எடுத்தால், அந்த சர்வரின் டிஸ்க் வழக்கமாகத் தனி ஸ்டோரேஜில்தான் இருக்கும்.

ஜூலை 19 அன்று கைகொடுத்ததும் இதுதான். கிளவுடில் முடங்கிய சர்வரின் டிஸ்க்கைக் கழற்றி, நல்லா ஓடும் இன்னொரு சர்வரில் மாட்டி, பிரச்சினைக்குரிய ஃபைலை அழித்துவிட்டு, திரும்பவும் பழைய சர்வரில் மாட்ட முடிந்தது. எல்லாமே உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யும் வேலை. டிஸ்க் உள்ளேயே இருந்த ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கோ, ஆள் நேரில் போய் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கு. அதுவும் அதே நாளில்தான் தெரிந்தது. கிரவுட்ஸ்டிரைக் பிரச்சினைக்குச் சில மணி நேரம் முன்பு, இந்திய நேரப்படி அதிகாலை 3.10 மணியளவில், அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் உள்ள அஷ்யூர் மையத்தில் வேறொரு கோளாறு. ஒரு தவறான செட்டிங் மாற்றத்தால், சர்வர்களுக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையிலான தொடர்பு தடைபட்டது.

டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை, சர்வரிலும் இல்லை. ஆனால் டிஸ்க் கைக்கு எட்டாததால் சர்வர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆகின. ஃபிரான்டியர் விமான நிறுவனம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி வைத்தது.

எதைக் கவனிக்க வேண்டும்?

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள் ஏறியும் போகலாம், மலைப்பாதையில் வண்டியிலும் போகலாம். ஒன்று அடைபட்டாலும் இன்னொன்று உண்டு. சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையிலும் அப்படித்தான் இரண்டு வழி வேண்டும்: இரண்டு நெட்வொர்க் போர்ட், இரண்டு ஸ்விட்ச், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர். இதற்கு 'மல்டிபாத்' என்று பெயர். செட் செய்தபின் ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு, சர்வர் பூட் ஆகிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஸ்டோரேஜ் டிராஃபிக்கை ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் இருந்தாலும் பேக்கப் தனியாக வேண்டும். ஏனென்றால் ஸ்னாப்ஷாட் பெரும்பாலும் அதே ஸ்டோரேஜ் பெட்டிக்குள்தான் இருக்கும். பெட்டி போனால் அதுவும் போகும்.

ஒன்றிரண்டு சர்வர் மட்டும் வைத்திருக்கும் சிறிய அலுவலகத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. உள்ளேயே இரண்டு டிஸ்க் போட்டு 'மிரர்' செய்தால் போதும். சர்வர்கள் பெருகும்போதுதான் ரிமோட் பூட் கைகொடுக்கும். ஆனால் அப்போது நெட்வொர்க்கும் ஸ்டோரேஜும் நின்றால், எல்லா சர்வரும் சேர்ந்தே நிற்கும்.