முதல் ஐந்து நாட்கள்

1978 ஜூலை 25, நள்ளிரவு நெருங்கும் நேரம். இங்கிலாந்தின் ஓல்டம் நகரில், தாயின் உடலுக்கு வெளியே கருவான உலகின் முதல் குழந்தை லூயிஸ் பிரவுன் சிசேரியன் மூலம் பிறந்தாள். எடை சுமார் 2.6 கிலோ. உலகமே காத்திருந்தது ஒரே கேள்விக்கான பதிலுக்காக: பிள்ளை குறையில்லாமல் இருக்கிறதா? இருந்தது. கை, கால், மூச்சு, அழுகை எல்லாம் சரி. மருத்துவர் பாட்ரிக் ஸ்டெப்டோ, விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ், ஆய்வகத்தில் கருவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட ஜீன் பர்டி ஆகிய மூவரின் பத்தாண்டு உழைப்புக்கு அந்த ஓர் இரவு பதில் சொல்லிவிட்டதாகத் தோன்றியது.

அன்றைய பயம் வெறும் மூடநம்பிக்கை அல்ல. 1971-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இவர்களுக்கு நிதி தர மறுத்தது. குரங்கினங்களில் சோதித்துப் பார்க்காமல் மனிதக் கருவில் கை வைத்தால் ஊனமுள்ள குழந்தைகள் பிறக்கக்கூடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். லூயிஸ் நலமாகப் பிறந்ததும் அந்தக் கவலை அடங்கிப்போனது. நம் நாட்டிலோ அந்தக் கேள்வியே எழவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் இதே வழியில் ஒரு பெண் குழந்தை பிறந்தபோது, குழந்தை நலமா என்று கேட்பதைவிட, இப்படி ஒன்று நடந்ததே பொய் என்று நிறுவுவதில்தான் அரசு அமைத்த குழு முனைப்பாக இருந்தது. 1981-ல் முகர்ஜி தற்கொலை செய்துகொண்டார்.

அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தச் செயற்கைக் கருத்தரிப்பு (ஐவிஎஃப்) சிகிச்சை உலகம் முழுவதும் பரவியது. 1990-ல் சென்னைக்கும் வந்தது. 1992-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் இருந்து இக்ஸி முறை வந்தது: ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து நேரே கருமுட்டைக்குள் செலுத்துவது. விந்தணு மிகக் குறைந்த ஆண்களும் தகப்பனாக முடிந்தது. அந்த ஆண்டுகளில் தம்பதிகளுக்குக் கிடைத்த ஆலோசனை பெரும்பாலும் இரட்டையர் பிறப்பு, குறைப்பிரசவம், எடைக்குறைவு பற்றியது. மரபணு நோய் என்றால் டவுன் சிண்ட்ரோம் வரைதான் பேச்சு போகும்.

முதல் எச்சரிக்கை மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பசுவின் கருப்பையில் வைத்த கருக்களில் சில, தாயால் ஈன முடியாத அளவுக்குப் பெரிய கன்றுகளாக வளர்ந்தன. செம்மறி ஆடுகளிலும் இதே கதைதான். 2001-ல் ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவன ஆய்வாளர்கள், இப்படி அளவுமீறி வளர்ந்த ஆட்டுக்குட்டிகளில் வளர்ச்சியை அடக்கி வைக்கும் ஒரு மரபணுவின் அடையாளக்குறி அழிந்திருப்பதைக் காட்டினார்கள். கால்நடை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கண்டுவந்த ஒன்றை, மனிதர்களுக்குச் சிகிச்சை தருபவர்கள் இன்னும் முன்பே காதில் வாங்கியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த அடையாளக்குறி என்பது என்ன? நம் மரபணுக்கள் ஒவ்வொன்றிலும் தாய் தந்த பிரதி ஒன்று, தந்தை தந்த பிரதி ஒன்று. பெரும்பாலானவற்றில் இரண்டுமே வேலை செய்யும். நூறு சொச்சம் மரபணுக்களில் மட்டும் ஒன்று விழித்திருக்க, மற்றது உறங்க வேண்டும். மின்பலகையில் சில சுவிட்சுகளின் மேல் மட்டும் ‘தொடாதே’ என்று காகிதம் ஒட்டிவைப்பது போல, இரண்டு பிரதிகளில் ஒன்றின் மேல் மட்டும் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறி ஒட்டியிருக்கும். கருவுற்ற முதல் சில நாட்களில் மற்ற இடங்களில் உள்ள மெத்தில் குறிகள் பெரும்பாலும் துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படும். இந்தக் குறிகள் மட்டும் துடைப்பிலிருந்து தப்ப வேண்டும். செயற்கைக் கருத்தரிப்பில் கரு தாயின் உடலுக்கு வெளியே, தட்டில் இருக்கும் ஐந்து நாட்கள் சரியாக அந்த நாட்கள்தான்.

2002-ல் இக்ஸி மூலம் உருவான இரண்டு குழந்தைகளுக்கு ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம் என்ற அரிய நரம்புக் கோளாறு இருப்பது மருத்துவ இதழில் வெளிவந்தது. இருவரிலும் மரபணு எழுத்து சரியாக இருந்தது, குறிதான் தவறியிருந்தது. மறு ஆண்டே அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் என மூன்று நாட்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே விஷயத்தைச் சொல்லின: பெக்வித்-வீடமன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளைக் கணக்கெடுத்தால், செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

இந்த நோய் இன்னதென்று தெரிந்த கண்ணுக்குப் பெரும்பாலும் பிறந்த அன்றே பிடிபட்டுவிடும். குழந்தை வயதுக்கு மீறிய பருமன். நாக்கு வாய்க்குள் அடங்காமல் வெளியே தள்ளி நிற்கும். பால் குடிக்கத் திணறும். காதுமடலின் கீழ்நுனியில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு. சில குழந்தைகளுக்குத் தொப்புள் வழியே குடல் பிதுங்கியிருக்கும். முதல் சில நாட்களில் ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கிவிடக்கூடும். பின்னாளில் உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடப் பெரிதாக வளரக்கூடும். எல்லாவற்றிலும் பெரிய கவலை, சிறுவயதிலேயே சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டியோ கல்லீரலில் புற்றோ வரும் வாய்ப்பு. அதனால்தான் இந்தச் சிண்ட்ரோமின் பல வகைகளில் ஏழு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுவிட்டால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். செயற்கைக் கருத்தரிப்புக் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் வகையில் இந்தப் புற்று அபாயம் மற்ற வகைகளைவிடக் குறைவு என்பது பெற்றோர் அறிய வேண்டிய ஆறுதல்.

இன்று எண்ணிக்கை ஓரளவு தெளிந்திருக்கிறது. பொதுவாகப் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் வரும் நோய் இது. இத்தாலியின் பியட்மாண்ட் பகுதிக் கணக்கில் செயற்கைக் கருத்தரிப்பில் பிறப்பவர்களிடம் சுமார் 1,100-க்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ பத்து மடங்கு. டென்மார்க், பின்லாந்து பதிவேடுகளில் அந்த உயர்வு மூன்று மடங்கு அளவில்தான் இருந்தது. ‘பத்து மடங்கு’ என்று தலைப்புப் போடுகிறவர்கள், அந்தக் கணக்கிலும் 1,100 குழந்தைகளில் 1,099 பேருக்கு இந்த நோய் இல்லை என்பதையும் அதே பெரிய எழுத்தில் போட வேண்டும். ஒரு பாதி உண்மையைப் படித்துவிட்டு இரவெல்லாம் அழும் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள்.

பழி தட்டின் மேல் மட்டும் அல்ல. ஜெர்மனியில் ஏஞ்சல்மேன் குழந்தைகளின் பெற்றோரை விசாரித்தபோது, சிகிச்சையே எடுக்காமல், கருத்தரிக்க மட்டும் நெடுங்காலம் பிடித்த தம்பதிகளிடமும் குறி தவறிய வகை அதிகமாகத் தெரிந்தது. குழந்தையின்மைக்குக் காரணமான ஏதோ ஒன்றே குறியையும் பலவீனப்படுத்தக்கூடும். இக்ஸியில் இதன் இன்னொரு முகம் உண்டு. விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாத ஆண்களில் பலர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மரபணுப் பிழையைச் சுமப்பவர்கள். அன்று இயற்கையே அவர்களுக்குக் குழந்தை தரவில்லை. இன்று ஊசி தருகிறது. மனைவியும் அதே மரபணுவில் பிழையைச் சுமந்தால் குழந்தைக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாவது இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் முன்பே தெரிந்துகொள்ளக் கூடியது இது.

அதே தொழில்நுட்பம் நோயைத் தடுக்கவும் வந்துவிட்டது. 1990-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடும் சகாக்களும் மூன்றாம் நாள் கருவிலிருந்து ஒரு செல்லை எடுத்துச் சோதித்து, பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் பரம்பரை நோயைத் தவிர்த்தார்கள். 2025-ல் நியூகாசலில், தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா நோயைத் தவிர்க்கும் மைட்டோகாண்ட்ரியா மாற்று முறையில் 8 குழந்தைகள் நலமாகப் பிறந்த செய்தி வந்தது. இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் அறியப்பட்ட பரம்பரை நோய்களைக் கண்டறியக் கருவைச் சோதிக்க அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்க அல்ல.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கருவில் செய்யும் அந்தச் சோதனை குரோமோசோம் எண்ணிக்கையையோ, குறிப்பிட்ட ஒரு மரபணுப் பிழையையோ பார்க்கிறது. மெத்தில் குறியைப் பார்ப்பதில்லை. ‘டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சும்மா, ஒண்ணும் இல்ல’ என்று ஆலோசனை அறையில் சொல்லும்போது, எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நம் வீடுகளில் இன்றும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஐவிஎஃப் குழந்தை என்பதை மாமியார் வீட்டில் மறைப்பார்கள், பக்கத்து வீட்டில் மறைப்பார்கள், கடைசியில் குழந்தைகள் மருத்துவரிடமும் மறைத்துவிடுவார்கள். உறவினரிடம் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். மருத்துவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். வாய்க்குள் அடங்காத நாக்கையும் காதுமடல் கோட்டையும் அவர் இன்னொரு முறை உற்றுப் பார்க்க அந்த ஒரு தகவல் போதும். நார்டிக் நாடுகளில் குடிமக்கள் எண்ணை வைத்துச் சிகிச்சைப் பதிவேட்டையும் நோய்ப் பதிவேட்டையும் இணைத்துப் பார்க்க முடிவதால்தான் மேலே சொன்ன டென்மார்க், பின்லாந்து கணக்கே கிடைத்தது. நம் 2021 சட்டம் தேசியப் பதிவேட்டுக்கு வழி செய்திருக்கிறது. எத்தனை மையங்கள், எத்தனை சிகிச்சைகள் என்பதோடு நிற்காமல், பிறந்த குழந்தைகள் ஐந்து வயதிலும் பத்து வயதிலும் எப்படி இருக்கிறார்கள் என்பதும் அதில் ஏற வேண்டும்.