உவர் மண்ணின் உமரி

பிச்சாவரத்துக்கோ முத்துப்பேட்டைக்கோ அலையாத்திக் காடு பார்க்கப் போகிறவர்களின் கண், சுரபுன்னையின் முட்டுவேர்களிலும், அவற்றினூடே வளைந்து செல்லும் ஓடைகளிலும், தலைக்குமேல் பறந்து போகும் கொக்குகளிலும் சென்று தங்குமேயன்றி, கரையோரத்துச் சேற்றில் கணுக்காலளவும் முழங்காலளவும் மண்டிக் கிடக்கும் பூண்டுகளின்மேல் தங்குவது அபூர்வம். பூவென்று சொல்லிக்கொள்ளத்தக்க பூ அவற்றுக்கு இல்லை. ஒதுங்கி நிற்க நிழலும் இல்லை. ஆயினும், பெரும்பான்மையான செடிகள் எந்த மண்ணில் ஒரு வாரங்கூடத் தாக்குப்பிடிக்கமாட்டாவோ அந்த மண்ணிலேயே முளைத்து, தழைத்து, விதைவிட்டு, வமிசத்தை விருத்தி செய்துகொள்ளும் அந்த அற்பப் பூண்டுகளின் வாழ்க்கை, பக்கத்தில் நிற்கும் சுரபுன்னையின் வாழ்க்கைக்கு விசித்திரத்தில் எள்ளளவும் குறைந்ததன்று என்பது என் அபிப்பிராயம்.

உமரி என்றும் உமிரி என்றும் நம் கடலோர மக்கள் பொதுவாக அழைக்கும் இவை ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. திரண்ட சிறு குச்சிகளைப் போன்ற இலைகளையுடைய தரை உமரி ஒன்று. ஆள் உயரத்துக்கும் மேலாகப் புதராக வளர்வது மற்றொன்று. இலை என்பதே கண்ணுக்குப் புலப்படாமல், கணுக்கணுவாகக் கோத்த பச்சைத் தண்டு மட்டுமே உடலாக நிற்பது மூன்றாவது. முதலிரண்டையும் தாவர நூலார் சுவேடா என்னும் பேரினத்திலும், மூன்றாவதைச் சாலிகோர்னியா என்னும் பேரினத்திலும் சேர்த்திருக்கின்றனர். வீட்டுத் தோட்டத்து முளைக்கீரையும், கடையில் வாங்கும் பாலக்கீரையும், பீட்ரூட்டும் இவற்றுக்குத் தாயாதிகள். தூத்துக்குடி மாவட்டத்தில் உமரிக்காடு என்றே ஓர் ஊர் உண்டு.

இவற்றோடு சேர்ந்தே காணப்படினும் வேறு குடும்பத்தில் பிறந்தது, சிவந்த தண்டோடு தரையிலே ஓடி, கணுவுக்குக் கணு வேரூன்றிப் படரும் செசுவியம் என்னும் கொடி. பூவில்லாக் கூட்டத்தில் பூவுடையது இது ஒன்றே. வெளிப்புறம் பச்சையும் உட்புறம் இளஞ்சிவப்புமாக ஐந்து முனைகொண்ட நட்சத்திரம்போல் மலர்ந்து, சில மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். உலகத்தின் வெப்பமண்டலக் கரைகளில் இது இல்லாத கரை அரிது.

சாலிகோர்னியாவைச் சற்றுக் குனிந்து பார்ப்பது நல்லது. எதிரெதிராக முளைத்த இரண்டு இலைகள் தண்டைச் சுற்றித் தழுவி, ஒன்றோடொன்று ஒட்டிச் சதைப்பிடித்துவிட்டதனால்தான் அந்தக் கணுவுண்டாயிற்று. ஆகவே நாம் தண்டென்று நினைப்பது உண்மையில் இலைகளால் போர்த்த தண்டு. பூக்கும் பருவத்தில் நுனிக்கணுக்களின் இடுக்கிலே மும்மூன்றாகப் புதைந்திருக்கும் பூக்களிலிருந்து மகரந்தப் பை மாத்திரம் மஞ்சள் துகள்போல் வெளியே எட்டிப்பார்க்கும். ஒரு கணுவைக் கிள்ளி நசுக்கினால் விரலெல்லாம் சாறாகும். வாயிலிட்டால் சுத்தமான உப்புக்கரிப்பு.

இவ்வளவு உப்பு உள்ளே இருந்தும் செடி எப்படி உயிரோடிருக்கிறது என்பதே விஷயத்தின் மையம். நார்த்தங்காயை நறுக்கி உப்பிலிட்டு ஜாடியில் வைத்தால் மறுநாளே அது தண்ணீர் விட்டுக்கொள்வதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அறிவர். வெளியே உப்பின் செறிவு மிகுந்தால் உள்ளேயிருக்கும் ஜலம் வெளியேறிவிடும் என்ற இந்த இயற்கை விதிதான் நெல்லையும் வாழையையும் உவர் நிலத்தில் கொல்கிறது. வேரைச் சுற்றி நீர் நின்றாலும் அதை உறிஞ்சச் சக்தியின்றி, நீரிலே நின்றுகொண்டே பயிர் தாகத்தால் வாடுகிறது. சமுத்திர நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஓதம் ஏறி இறங்கியபின் சித்திரை வெயிலில் காயும் கரைச்சேற்றிலோ அது பல மடங்காகிவிடும். அங்கே நின்று நீர் குடிக்க வேண்டுமானால், செடியின் உள்ளிருக்கும் சாறு வெளி நீரைவிட அதிகச் செறிவுடையதாயிருந்தாக வேண்டும். அதற்கு மலிவான பொருள் எது? காலடியில் குவிந்து கிடக்கும் அதே உப்புத்தான். உமரி உப்பை எதிர்த்து நிற்பதில்லை; அதை வேண்டுமட்டும் உள்ளே இழுத்து, அதன் பலத்தைக் கொண்டே தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது.

இழுத்த உப்பை உயிரணுவின் நடுவே கண்டபடி விட்டுவைக்கவும் முடியாது. அங்கே வேலை செய்யும் நொதிகள் மற்றச் செடிகளின் நொதிகளைப் போலவே உப்புக்கு அஞ்சுபவை. ஆதலால் ஒவ்வோர் அணுவினுள்ளும் மெல்லிய சவ்வினால் சூழப்பட்ட ஒரு பெரிய சாற்றறை அமைந்திருக்கிறது. அணுவின் இடத்தில் பெரும்பகுதியை அது ஒன்றே அடைத்துக்கொள்கிறது. சவ்விலே பதிந்திருக்கும் புரதங்கள் சோடியத்தை ஓயாமல் அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டேயிருக்க, அறைக்கு வெளியே கிளைசின் பீட்டைன் போன்ற தீங்கற்ற பொருள்களைச் செடி தானே சமைத்து நிரப்பிச் செறிவை ஈடுசெய்கிறது. இலையும் தண்டும் சதைப்பற்றாய்ப் பருத்திருப்பதற்கும் இதுவே காரணம்; உப்பு சேரச் சேர நீரையும் சேர்த்து அதைக் கரைத்து வைக்க இடம் வேண்டுமல்லவா?

அக்கம்பக்கத்து மரங்கள் வேறு உபாயங்களைக் கையாளுகின்றன. சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே வந்ததை இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியே கக்கிவிட, அது காய்ந்து இலைமேல் வெள்ளைப் பொடியாகப் படிகிறது. உமரிக்கு இந்த இரண்டும் தெரியாது. முதிர்ந்த இலைகளையும் கணுக்களையும் உப்போடு காயவிட்டு உதிர்த்துவிடுவதுதான் அதற்குத் தெரிந்த கழிவு முறை.

இத்தனை சாமர்த்தியமும் வளர்ந்த செடிக்கே உரியது, விதைக்கு அல்ல. வளர்ந்தபின் நன்னீரில் நிற்பதைக் காட்டிலும் மிதமான உப்பு நீரிலேயே செழிப்பாக வளரும் இந்தச் செடிகளின் விதைகள், முளைக்கும்போது மட்டும் நன்னீரை நாடுகின்றன. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கரைச்சேற்றின் உப்பைக் கழுவி விடுகிற சில வாரங்களே அவற்றுக்குக் கிடைக்கும் அவகாசம். உமரி இனத்தில் சில, ஒரே செடியில் இருவகை விதைகளைத் தருகின்றன: மென்தோலுடைய பழுப்பு விதை நீர் கண்டவுடனே முளைக்கும், கடினத் தோலுடைய கருவிதை அவசரப்படாமல் மண்ணிலே காத்துக்கிடக்கும். மழை பொய்த்த ஆண்டில் முதல் வகை முழுதும் அழிந்தாலும் இரண்டாம் வகை குலத்தைக் காப்பாற்றிவிடும். முதலை முழுவதும் ஒரே வியாபாரத்தில் போடாத செட்டியாரின் புத்தி இது!

பருவம் முதிர்ந்து வெயிலும் உப்பும் ஏற ஏற, பச்சையாயிருந்த உமரித் திட்டுக்கள் செங்காவி நிறமாகின்றன. பீட்ரூட்டைச் சிவப்பாக்கும் வர்க்கத்து நிறமியே இங்கும் வேலை செய்கிறது. சீன தேசத்தில் லியோனிங் மாகாணத்துப் பான்ஜின் என்னுமிடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சுவேடா ஒன்றே பரவி, இலையுதிர் காலத்தில் கடற்கரை முழுவதும் சிவந்துபோக, அதைக் காண்பதற்கென்றே ஜனங்கள் திரள்கிறார்கள். நம் பக்கத்தில் கோடியக்கரையிலும் அந்தச் சிவப்பு உண்டு. அங்கே நாம் பூநாரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

ஒரு காலத்தில் இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குப் பெரிய மதிப்பிருந்தது. கண்ணாடி உருக்குவதற்கும் சவுக்காரம் காய்ச்சுவதற்கும் சோடாக் காரம் இன்றியமையாதது. ஸ்பெயின் தேசத்து அலிகாந்தே கரையில் உவர்ச் செடிகளைப் பயிரிட்டு, உலர்த்தி, எரித்து, பாரில்லா என்னும் அந்தச் சாம்பலைக் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தனர். பிரெஞ்சுக்காரரான நிக்கோலா லெபிளாங்க் சாதாரண உப்பிலிருந்தே சோடா தயாரிக்கும் முறைக்கு 1791-ல் காப்புரிமை பெற்றபின் அந்த வியாபாரம் படிப்படியாக நசித்துப்போயிற்று.

உண்பது மட்டும் நிற்கவில்லை. நம் கடலோரத்து ஏழைகள் உமரியின் இளங்கொழுந்தைக் கீரையாகச் சமைத்து உண்டிருக்கிறார்கள். சுந்தரவனத்து வங்காளிகளும் அப்படியே. பிலிப்பைன்ஸில் செசுவியத்தை டம்பாலிட் என்ற பெயரில் ஊறுகாய் போடுகிறார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் சாலிகோர்னியாவை வேகவைத்து வெண்ணெயோடு மீனுக்குத் துணையாக உண்கிறார்கள். கீரையில் ஆக்ஸலேட் என்னும் பொருளும் உப்பும் மிகுதி என்பதால், நிறைய நீரில் வேகவிட்டு அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். சமைக்கும்போது உப்புப் போடவேண்டிய சிரமம் இல்லை. பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தார் குஜராத் கரையில் விளையும் சாலிகோர்னியாவிலிருந்து தாவர உப்பே தயாரித்துக் காட்டியிருக்கின்றனர்.

சென்ற சில பத்தாண்டுகளாக விஞ்ஞானிகள் இந்தச் செடியின்மேல் வைத்திருக்கும் ஆசை இதைவிடப் பெரியது. மெக்சிகோவின் சோனோரா பாலைக் கரையில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் கடல்நீரையே பாய்ச்சிச் சாலிகோர்னியாவைப் பயிரிட்டு, ஹெக்டேருக்குச் சுமார் 2 டன் விதையும், அந்த விதையில் நூற்றுக்கு 30 பங்கு அளவில் எண்ணெயும் கிடைத்ததாக 1991-ல் வெளியிட்டனர். 2019 ஜனவரியில், அபுதாபியில் வளர்த்த சாலிகோர்னியாவின் எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து, அந்நகரிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு விமானமே பறந்தது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல்நீர் விவசாயத்தில் வேரடியில் உப்புத் தேங்காதிருக்க மேலும் மேலும் நீரிறைத்து வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கான செலவு ஒருபுறமிருக்க, நிலத்தடியில் நன்னீர் இருக்கும் ஊரில் இதைச் செய்தால் கிணறுகளெல்லாம் கெட்டுப்போகும். குடிநீர்க் கிணற்றை நம்பியிருக்கும் நம் கடற்கரைக் கிராமங்களுக்கு இந்த யோசனையைச் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை.

நமக்கு நெருங்கிய பிரயோஜனம் வேறொன்று உண்டு. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்து வயல்களில் கடலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனபோது, உப்பேறிய மண்ணை மீட்பதெப்படி என்ற கேள்வி ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் வயிற்றுக் கேள்வியாயிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் ஆறு வகைச் செடிகளை உவர் நிலத்தில் வளர்த்துப் பார்த்து, தரை உமரி நான்கு மாதத்தில் ஹெக்டேருக்கு 504 கிலோ உப்பையும், செசுவியம் 474 கிலோவையும் மண்ணிலிருந்து எடுத்துவிடக்கூடும் என்று 2007-ல் மதிப்பிட்டிருக்கின்றனர். இதைக் கண்டு அளவுக்கு மீறி மகிழ்வதற்கும் இடமில்லை. நூற்றுக்கு ஒரு பங்கு உப்பேறிய மண்ணானால், ஹெக்டேரில் மேலேயுள்ள ஓரடி ஆழத்தில் மட்டும் ஏறத்தாழ 40 டன் உப்பு இருக்கும் என்பது எளிய கணக்கு. அரை டன் அரை டன்னாக அதை எடுக்கப் பல ஆண்டுகள் வேண்டும். செடியை அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால் உதிர்ந்த இலையோடு உப்பும் திரும்ப மண்ணுக்கே போய்விடும். பெரும்பாரத்தைச் சுமப்பது மழையும் வடிகாலுமே. உமரி செய்வது வெறுந்தரையை மூடி நிழலிட்டு, வெயிலில் உப்பு மேலே பூத்துவராதபடி தடுப்பது, மண்ணரிப்பை நிறுத்துவது, அலையில் மிதந்துவரும் கண்டல் வித்துக்களைத் தடுத்துப் பிடித்து வேரூன்றச் செய்வது. நடு அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில், அழிந்துபோன அலையாத்திக் காடு மீண்டும் எழுந்தபோது செசுவியம் இந்தச் செவிலித் தொழிலைச் செய்ததை ஆராய்ச்சியாளர் கண்டறிந்திருக்கின்றனர்.

இப்படிப்பட்ட நிலத்துக்கு நம் கணக்குகளில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும்தான் பெயர். அந்தப் பெயர் இருக்கிற தைரியத்தில்தான் இறால் குட்டைக்கும் சாலைக்கும் குப்பைமேட்டுக்கும் முதலில் பலியாவது உமரி நிலமாக இருக்கிறது. அலையாத்தி மரத்தை வெட்டினால் கேட்பதற்கு நாலு பேர் வருவார்கள், பூண்டைச் செதுக்கினால் கேட்பாரில்லை. மரத்துக்குக் கொடுத்த காவலைப் பூண்டுக்கும் கொடுப்பதே முறை. வேதாரணியத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உவர்ச் செடிகளுக்கென்றே மரபணுத் தோட்டம் ஒன்றை அமைத்திருப்பது இந்தத் திசையில் ஒரு நல்ல காரியம்.

இதைப் படித்துவிட்டு உமரிக் கீரை சமைத்துப் பார்க்க ஆசைப்படுவோர்க்கு ஒரு வார்த்தை. உப்பை மட்டும் தேர்ந்தெடுத்து உறிஞ்சும் விவேகம் இந்தச் செடிகளுக்கு இல்லை. ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் மண்ணில் கலந்திருந்தால் அவற்றையும் உள்ளே இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகையால் ஆலைக் கழிவும் நகரத்துச் சாக்கடையும் வந்து கலக்கிற முகத்துவாரங்களில் வளர்ந்ததைப் பறிக்காதீர்கள். சுத்தமான ஓடைக்கரையாகப் பார்த்துக் கொழுந்தை மட்டும் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்க வேண்டாம். இரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் இந்தக் கீரையைத் தொடாமலிருப்பதே நல்லது.